கத்தி வெச்சா ஏறிடும்

உங்களுக்கு வரன் பார்க்க வருகிறவர்கள் முதலில் ஒன்று கேட்பார்கள். "அப்போ நீங்க ஆபரேஷன் பண்ற டாக்டர் இல்லியா?" இல்லை என்று சொல்வீர்கள். "ஊசி போட்டுட்டு வந்துடுவீங்க, அவ்ளோதானே?" என்று அடுத்த கேள்வி வரும். கோபப்படாமல் காபியைக் குடியுங்கள். வேலை பார்த்த காலம் முழுக்க எனக்கும் இதே மரியாதைதான் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் என்னை 'மயக்க டாக்டரம்மா' என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். செயலாளர் பேச ஆரம்பித்தால் பாதிப் பேர் என் உதவி இல்லாமலே தூங்கிவிடுகிறார்கள்.

மயக்கவியல் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு மருந்தின் அளவு, ஊசியின் நீளம் பற்றியெல்லாம் நான் பாடம் எடுக்கப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. சுற்றி நிற்கிற எல்லோரும் ஒரே தப்பை ஆளுக்கொரு காரணத்துக்காகச் செய்யத் துடிக்கும்போது, நடுவில் நின்று "முடியாது" என்று சொல்ல வேண்டி வரும். அது போனில் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் பத்து வருஷத்தில் நடந்தது. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் எழும்ப எழும்ப, மேடவாக்கத்தில் அடுக்குமாடிகள் எழும்பின. தண்ணீர் லாரி நுழைய முடியாத சந்தில் கூட ஒரு நர்சிங் ஹோம் முளைத்தது. எந்த நர்சிங் ஹோமுக்கும் சொந்தமாக மயக்க டாக்டர் கிடையாது. கூப்பிட்டால் போக வேண்டும். காலையில் முடிச்சூரில் ஒரு பிரசவம், பிறகு சேலையூரில் ஒரு குடலிறக்கம், அதற்குப் பிறகு மேடவாக்கம் என்று ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தேன். டெலிவரி பையன்கள் அப்போது அவ்வளவாகக் கிடையாது. அந்தக் குறையை நாங்கள்தான் தீர்த்துவைத்தோம்.

வேளச்சேரி சாலைப் பக்கம் சொந்தமாக மருத்துவமனை வைத்திருந்த ஒரு சர்ஜனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருத்துவமனையின் பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கட்டடத்தில் சோபா விற்கிறார்கள். சர்ஜனை நர்ஸ்கள் 'பஞ்சாங்கம்' என்று கூப்பிடுவார்கள், அவர் காதில் விழாதபடி. கை அவ்வளவு சுத்தம். ரத்தம் வீணாகாது, தையல் பிரியாது. ஆனால் ராகு காலத்தில் கத்தியைத் தொட மாட்டார். தியேட்டர் தயாராகத் தாமதமாகி, ராகு காலம் நெருங்கிவிட்டால் அவரிடம் ஒரு வழி இருந்தது. மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் தோலில் சும்மா ஒரு சின்னக் கோடு போட்டுவிடுவார். நல்ல நேரத்தில் ஆரம்பித்த கணக்காகிவிடும். பிறகு கையுறையை மாற்றி, துணி விரித்து, சாவகாசமாக உண்மையான ஆபரேஷனைத் தொடங்குவார். வீடு கட்டுகிறவர்கள் முகூர்த்தத்தில் நாலு செங்கல்லை வைத்துவிட்டு, மேஸ்திரி வரும்போது வரட்டும் என்று போவார்கள் அல்லவா, அதே முறை. நர்ஸ்கள் அதற்கு வைத்த பெயர் 'பூமி பூஜை'.

இவர் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து, "இனிமே பெரிய கேஸ்ல எல்லாம் ரெண்டையும் சேர்த்துக் குடுங்க மேடம்" என்றார். முதுகில் மெல்லிய குழாய் செருகி மரப்பு மருந்து கொடுக்கிற எபிடியூரலும், ஆளையே தூங்க வைக்கிற முழு மயக்கமும் சேர்த்து. நல்ல முறைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆபரேஷன் முடிந்து எழுகிறவர் வலியில் கதற மாட்டார், நன்றாக மூச்சு விடுவார், சீக்கிரம் நடப்பார். தாம்பரத்து ஹோட்டல்களில் 'காம்போ' என்று பலகை தொங்க ஆரம்பித்த காலம் அது. எங்கள் ஊர் டாக்டர்களுக்கும் காம்போ மேல் ஆசை வந்துவிட்டது.

ஆனால் இந்தக் காம்போவில் ஒரு சங்கதி இருக்கிறது. எபிடியூரல் வலியை மட்டும் மரக்கச் செய்வதில்லை, வயிற்றிலும் காலிலும் ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடும். ஒரு குடம் தண்ணீரை அண்டாவில் ஊற்றினால் அடியிலேயே கிடக்குமே, அப்படி ரத்தம் கீழே தங்கிவிடும். மேலே இதயத்துக்கு வந்து சேர்வது குறையும். மரப்பு மார்பு வரை ஏறிவிட்டால் இதயத்தை வேகப்படுத்துகிற நரம்பும் சேர்ந்து தூங்கிவிடும். அப்புறம் இதயம் ஓட வேண்டிய நேரத்தில் நடக்கும். இதற்கு மேல் முழு மயக்கத்தையும் கொடுத்தால், அது தன் பங்குக்குக் குழாய்களைத் தளர்த்தும், இதயத்தின் பலத்தையும் கொஞ்சம் குறைக்கும். இரண்டும் தனித்தனியே வந்தால் சமாளிக்கலாம். கைகோத்துக்கொண்டு வந்தால் நாம் முழித்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் மருந்து, கொஞ்சம் பொறுமை, பிறகு இன்னும் கொஞ்சம் மருந்து என்று போவதுதான் ஒரே வழி. பொறுமைதான் எங்கள் வட்டாரத்தில் ஸ்டாக் இல்லாத சரக்கு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நம் தொழிலில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் ஒரு ஆறுதல் வார்த்தை உண்டு. மயக்கம் கொடுத்ததும் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும். யாராவது பதறினால் பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்டி, "கத்தி வெச்சா ஏறிடும்" என்பார். முழு மயக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் அது உண்மைதான். கத்தி பட்டதும் தூக்கத்திலும் உடம்புக்கு உறைக்கும், அழுத்தம் தானாக ஏறும். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன், பலமுறை ஏறியும் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்துத் தியேட்டரில் ஒரு சிசேரியனை முடித்துவிட்டு டாக்டர்கள் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெரிய தியேட்டரில் கிரேஸ் டீச்சருக்குக் குடலில் கட்டி. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை. காலையில் வார்டில் பார்த்தபோது, என்னைப் பார்த்து எழுந்து நிற்கப் போன பக்கத்துப் படுக்கைப் பையனிடம், "உக்காருப்பா, டாக்டர் ஒண்ணும் இன்ஸ்பெக்டர் இல்ல" என்றார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

அவருக்கு மயக்கம் கொடுக்க வந்திருந்தவரை நாங்கள் 'ஃபாஸ்ட் லோக்கல்' என்போம். அந்த ரயில் மாதிரியே நடுவில் உள்ள ஸ்டேஷன்களில் நிற்க மாட்டார். மற்றவர்கள் ஒரு கேஸைத் தொடங்குவதற்குள் அவர் இரண்டை முடித்துவிட்டுக் காரில் ஏறியிருப்பார். சர்ஜன்களுக்கு அவர் என்றால் உயிர். டீச்சருக்கு முதுகில் மருந்தை மொத்தமாகக் கொடுத்து, அது எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார்க்காமலே, கையோடு முழு மயக்கத்தையும் கொடுத்துவிட்டார். காரணம் கேட்டால், "பத்தரைக்கு ராகு காலம் மேடம், சார் அவசரப்படுத்தினார்" என்றார். மருந்துக்கு ராகு காலம் தெரியாது என்பது அவருக்கு நினைவு வரவில்லை.

டீயில் பாதி இருக்கும்போது அவர் தலை கதவில் தெரிந்தது. "மேடம், ஒரு நிமிஷம் வந்து மானிட்டரைப் பாருங்களேன். ரிப்பேர் போல."

நம் ஆட்கள் அப்படித்தான். அழுத்தம் இறங்கினால் முதலில் மானிட்டரைச் சந்தேகப்படுவோம். அது தப்பித்தால் கையில் கட்டிய பட்டையை. பட்டையும் சரி என்றால் பட்டையைக் கட்டிய நர்ஸை. நாம் கொடுத்த மருந்தின் முறை கடைசியில் வரும், அதற்குள் நோயாளி காத்திருந்தால்.

உள்ளே போனேன். மானிட்டர் அழுத்தத்தைப் படிக்க முயன்று, முடியாமல், மறுபடி முயன்றுகொண்டிருந்தது. "பட்டை லூசு மேடம்" என்றார் ஃபாஸ்ட் லோக்கல். நான் டீச்சரின் கழுத்தில் விரலை வைத்தேன். நாடி இருந்தது, ஆனால் தேட வேண்டியிருந்தது. மெதுவாக, யோசித்து யோசித்து வந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. கட்டிலுக்குக் கீழே சிறுநீர்ப் பையைப் பார்த்தேன். கடையில் வாங்கிய நிலையிலேயே இருந்தது.

"சிஸ்டர், வெளிய போய் இவங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க. கடைசியா தண்ணி எப்போ குடிச்சாங்கன்னு. சாப்பாட்டைக் கேக்காதீங்க, தண்ணியைக் கேளுங்க."

சிஸ்டர் ஓடினார். நான் மயக்க வாயுவைக் குறைத்து ஆக்ஸிஜனை முழுதாகத் திறந்தேன். இரண்டு கையிலும் சலைனை வேகமாக ஓட விடச் சொன்னேன். ஆயாவைக் கூப்பிட்டு டீச்சரின் இரண்டு காலையும் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன்.

"இன்னா மேடம், எம்மா நேரம் புடிக்கணும்?"

"நான் சொல்ற வரைக்கும்."

இந்தப் பக்கம் பஞ்சாங்கம் சார் கையுறையோடு நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு. ஸ்டார்ட் பண்ணிடறேனே."

"முடியாது சார். பிரஷரே இல்ல."

"கத்தி வெச்சா ஏறிடும் மேடம்" என்றார் ஃபாஸ்ட் லோக்கல்.

"அதான் நானும் சொல்றேன்" என்றார் சர்ஜன்.

இருவருக்கும் கத்தி வேண்டியிருந்தது. ஒருவருக்கு முகூர்த்தத்துக்காக, இன்னொருவருக்கு மானத்துக்காக. "சார், முதுகுல ஃபுல் டோஸ் போயிருக்கு. கத்தி பட்டது அவங்க உடம்புக்குத் தெரியவே தெரியாது. எங்கேர்ந்து ஏறும்? கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க" என்றேன். மருத்துவமனையின் சொந்தக்காரரிடம், அவர் தியேட்டரில், அவர் ஆட்கள் முன்னால். நாளையிலிருந்து இங்கிருந்து எனக்குப் போன் வராது என்று அந்த வேளையிலும் ஒரு மூலையில் தோன்றியது. தோன்றியதை ஒத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை. உங்களுக்கும் தோன்றும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அப்புறம் பயப்படுங்கள்.

அட்ரினலினை ஊசியில் எடுக்க நான் திரும்பினேன். அவ்வளவுதான், பூமி பூஜை போட்டுவிட்டார்.

திரும்பிப் பார்த்தபோது டீச்சரின் வயிற்றில், தொப்புளுக்கு ஒரு விரல் தள்ளி, ஒரு சின்னக் கோடு. அவசரத்தில் நடுவில் கூடப் போடவில்லை. எல்லோரும் மானிட்டரைப் பார்த்தார்கள். நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். அதிலிருந்து ரத்தம் வரவில்லை. வெளுத்துப்போய், காகிதத்தைக் கிழித்த மாதிரி திறந்திருந்தது.

அழுத்தம் ஏறவில்லை. இதயத் துடிப்பின் இடைவெளி நீண்டது, இன்னும் நீண்டது, பிறகு மானிட்டரில் கோடு நேராகப் போனது. ஃபாஸ்ட் லோக்கல், "வயர் கழண்டிருக்கும்" என்று குனிந்து தேட ஆரம்பித்தார். சத்தியமாகத் தேடினார்.

"சார், கத்தியைப் போட்டுட்டு நெஞ்சை அமுக்குங்க!"

பஞ்சாங்கம் சாரைப் பற்றி நான் எவ்வளவு கேலி பேசினாலும் இதைச் சொல்லியாக வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் ஸ்டூலில் ஏறி, இரண்டு கையையும் வைத்து, அவர் அமுக்கியது அமுக்கல். நான் அட்ரினலினைச் செலுத்தினேன். சலைன் பாட்டிலைக் கையால் பிசைந்தேன். ஆயா அசையாமல் காலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். 'உக்காருப்பா' என்று சொன்ன அந்தக் குரல் இனி வராதோ என்று பயந்தேன், கடவுள் பெயர் எதுவும் நினைவுக்கு வராத அளவுக்குப் பயந்தேன்.

வந்தது. முதலில் ஒரு துடிப்பு, சந்தேகமாக. பிறகு இன்னொன்று. பிறகு ஓட்டமாக ஓடியது. கழுத்தில் விரல் வைத்தேன், இந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை. வயிற்றில் இருந்த கோட்டில் சிவப்பாக ஒரு துளி எட்டிப் பார்த்தது. ரத்தத்தைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து சிஸ்டர் உள்ளே வந்தார். "மேடம், முந்தாநாள் நைட்டு வயிறு சுத்தம் பண்ற மருந்து குடிச்சாங்களாம். நேத்து பூரா சர்ச்சுல உபவாச ஜெபமாம். ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலியாம்."

கதை இப்படி. டீச்சரை முந்தின நாளே சேர்த்திருந்தால் கையில் சலைன் ஏறியிருக்கும். வியாழக்கிழமை அஷ்டமி, அட்மிஷன் வேண்டாம் என்று சொன்னவர் பஞ்சாங்கம் சார். டீச்சரின் சபையில் அவருக்காக வியாழக்கிழமை உபவாச ஜெபம் வைத்தார்கள். ஜெபத்துக்கு நடுவே எழுந்து ஓட வேண்டி வருமே என்று டீச்சர் பேதி மருந்தை ஒரு நாள் முன்னாலேயே குடித்து, இருந்த தண்ணீரையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, மறுநாள் முழுக்கக் காய்ந்தார். வெள்ளிக்கிழமை காலை நர்ஸ், "சாப்ட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார். "ஒண்ணும் சாப்பிடல." "வெரி குட்." ஃபாஸ்ட் லோக்கலும் கேட்டார். "ஒண்ணும் சாப்பிடல." "வெரி குட்." நம் தொழிலில் நோயாளியிடம் கேட்கிற ஒரே கேள்வி அது, நாம் பாராட்டுகிற ஒரே பதிலும் அது. அண்டா பெரிதாகப் போகிறது என்று தெரிந்தும் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

இதற்குள் பஞ்சாங்கம் சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இப்ப பிரஷர் நல்லாத்தானே இருக்கு? கட்டி காத்துக்கிட்டு இருக்காது மேடம். கன்டின்யூ பண்ணிடலாமா?"

இதயம் நின்று திரும்பி வந்தவரை உடனே கிழிக்கக் கூடாது என்று நான் மருத்துவம் பேசியிருக்கலாம். அவரும் பதிலுக்கு மாநாடு பேசியிருப்பார். நான் கடிகாரத்தைக் காட்டினேன்.

"சார், ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சு."

கத்திக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனார். கோட்டுக்கு ஒரு தையல் போட்டு, பிளாஸ்டர் ஒட்டி, டீச்சரைத் தீவிர சிகிச்சைக்கு அனுப்பினோம்.

வெளியே டீச்சரின் கணவர் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சர்ஜன் போய், "கொஞ்சம் பிரஷர் கம்மியாச்சு. ஒண்ணும் பயமில்ல. ஆபரேஷன் நல்ல நேரத்துல ஆரம்பிச்சாச்சு, மீதி அப்புறம்" என்றார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"சார், அவங்க இதயம் கொஞ்ச நேரம் நின்னுடுச்சு. திரும்ப ஓட வெச்சுட்டோம். உடம்புல தண்ணி இல்ல, எங்க மருந்து வேகமாப் போயிடுச்சு. நாங்க தண்ணியைப் பத்திக் கேட்டிருக்கணும், கேக்கல" என்றேன். அவர் பைபிளை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு, "கேட்டிருந்தா பெருமையாச் சொல்லியிருப்பாங்க டாக்டர்" என்றார். இன்றைக்கும் அந்த வாக்கியம் என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு வாரம் போல் கழித்து மறுபடி அதே தியேட்டர், மறுபடி வெள்ளிக்கிழமை. போன் வராது என்று நினைத்தேன். வந்தது, பஞ்சாங்கம் சாரே பேசினார். "நீங்களே வந்துடுங்க மேடம்."

"வர்றேன் சார். ஆனா டீச்சரை முந்தின நாளே சேர்க்கணும், என்ன திதியா இருந்தாலும். ஆபரேஷன் அன்னைக்குச் சரியா பத்தரைக்குத் தியேட்டருக்குக் கொண்டு வந்துடுங்க."

"அது ராகு காலமாச்சே!"

"கத்திதானே வெக்கக் கூடாது? முதுகுல ஊசி போடலாமே."

யாரிடமோ விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிட்டார். ஊசிக்குத் தடை இல்லையாம். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது என் தொழில் வாழ்க்கையின் மிக நிம்மதியான ஒன்றரை மணி நேரம். ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. முதுகில் கொஞ்சம் மருந்து கொடுத்தேன். காத்திருந்தேன். ஐஸ் கட்டியை வைத்து மரப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று டீச்சரையே கேட்டேன். இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். அழுத்தம் நின்ற இடத்தில் நின்ற பிறகுதான் தூங்க வைத்தேன். அதற்குப் பிறகு அந்த மருத்துவமனையில் ராகு காலம் எனக்குச் சொந்தம். பஞ்சாங்கத்தை எழுதியவர்கள் எபிடியூரலை மனதில் வைத்துத்தான் எழுதினார்களோ என்று கூட நினைத்ததுண்டு.

தூங்குவதற்கு முன்னால் டீச்சரிடம், "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"நல்லாக் குடிச்சேன் டாக்டர். நீங்க சொன்ன நேரம் வரைக்கும் இளநீகூடக் குடிச்சேன். இந்த வாட்டி சபைல எல்லாரும் எனக்குப் பதிலா உபவாசம் இருக்காங்க."

கட்டி முழுசாக வந்தது. ஃபாஸ்ட் லோக்கலும் அன்றைக்கு வந்து மூலையில் நின்று பார்த்தார், கூப்பிடாமலே. பாதியில் போகவில்லை. போன தடவை பட்டை லூசாகத்தான் இருந்தது என்று மட்டும் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

தையல் பிரிக்கிற நாளில் நாங்கள் மூவரும் டீச்சரின் படுக்கை அருகே இருந்தோம். வயிற்றின் நடுவே நீளமாக ஒரு தழும்பு, பக்கத்தில் ஒரு விரல் தள்ளிக் குட்டியாக ஒன்று. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைத் தாளைத் திருத்துகிற முகத்தோடு குனிந்து பார்த்தார்.

"பெரிசு புரியுது. இந்தச் சின்னது எதுக்கு சார்?"

பஞ்சாங்கம் சார் ஜன்னலைப் பார்த்தார். ஃபாஸ்ட் லோக்கல் தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

"பெரிசு உங்க வியாதிக்கு டீச்சர். சின்னது எங்க வியாதிக்கு."